உடுவில் தொகுதி, 1960 – 1977

சவப்பெட்டியை மூடலாமா என்று தகனசாலை ஆள் சைகையால் கேட்டபோது, ஞானேஸ்வரி கணவனின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள். உதவி நிறுவனம் கொடுத்த கோட்டு. பாலேந்திரனுக்கு அது தோளில் பெரிது. ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. சூரிச்சில் அந்த வழமையைக் காப்பாற்ற ஆள் ஏது? அவளும் பதினைந்து வயது மகள் வதனியும்தான் வந்திருந்தார்கள். பிறகு அவர்களுடைய அகதி விசாரணையில் மொழிபெயர்த்த பத்மநாதன் வந்தார், கையில் ஒரு கடிதத்துடன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இதிலை ஒரு கையெழுத்து வேணும்."

"இப்பவோ?"

"அப்பீலுக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள். எனக்குப் பதினொண்டரைக்கு ரெஸ்டோரண்ட் குசினியிலை வேலை. போற வழியிலை தபாலிலை போட்டிடுவன்."

பக்கத்து அறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் இருந்தன. கடிதம் ஜெர்மன் மொழியில் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"அண்ணைக்குக் கொஞ்சக் காலமா ஞாபகப் பிசகு எண்டு. அவர் சொன்னதை விட்டிட்டு உங்கடை வாக்குமூலத்தை எடுக்கச் சொல்லி. இனி அவரைக் கூப்பிட்டுக் கேக்கேலாதுதானே. நீங்களும் பிள்ளையும் தப்பலாம்."

ஞாபகப் பிசகாம். ஒவ்வொரு தேர்தலிலும் எந்த வாக்குச்சாவடியில் எத்தனை வாக்கு விழுந்தது என்று சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டே ஒப்பித்து, அவளுடைய உயிரை எடுத்த மனுசனுக்கு.

விசாரணையில் இருவரையும் தனித்தனியாக இருத்தி ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: கணவர் எந்தத் தொகுதியில் கட்சி வேலை செய்தார்? அவர் உடுவில் என்றார். அவள் மானிப்பாய் என்றாள். இரண்டும் உண்மை. எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்கு எல்லைகளை மாற்றியபோது உடுவில் தொகுதி இல்லாமல் போய் மானிப்பாய் வந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மறுப்புக் கடிதத்தில், பல வருடம் அரசியல் செய்ததாகச் சொல்பவருக்குத் தன் தொகுதியே தெரியவில்லை, ஆகவே கைதானதாகச் சொன்னதும் பொய் என்று எழுதியிருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியேதான், அது வந்த நான்காவது கிழமை, அவர் ட்ராமில் சரிந்து விழுந்தார்.

"தம்பி, அண்டைக்கு அவர் முக்கால் மணித்தியாலம் கதைச்சவர். வெளியிலை இருந்த எனக்கே குரல் கேட்டது. நீங்கள் அவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

பத்மநாதன் பேனையை மூடித் திறந்தார்.

"எல்லை, கோடு, ஒழுங்கை எண்டு எல்லாத்தையும் சொல்லிக்கொண்டிருந்தால் அவை கேப்பினமோ அக்கா? அந்த அதிகாரி மணிக்கூட்டைப் பாக்கத் தொடங்கிட்டான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"உடுவில் எண்டு சொன்னன்."

ஞானேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனுசனைத் திட்டித் தீர்க்கலாம். திட்டினால் எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை. தானும் மானிப்பாய் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டவள்தான் என்ற நினைப்பு அதைவிடச் சுட்டது.

கடிதத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை அவர் முன் தள்ளினாள்.

"எழுதுங்கோ."

"அக்கா, முன்பக்கத்திலை கையெழுத்து வைச்சால் காரியம் லேசா முடியும். இதை வாசிப்பினமோ எண்டுகூடத் தெரியாது."

"அவரைப் பைத்தியமாக்கி எனக்கு விசா வேண்டாம். எழுதுங்கோ. அறுபதாம் ஆண்டு மார்ச் மாசம் முதல் தேர்தல். பேந்து அதே வருசம் ஜூலையிலை மற்றது."

அவர் எழுதினார். வதனி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, வரட்டாம். அடுத்த ஆக்கள் வெளியிலை நிக்கினமாம். இனிப் பெட்டியை வைச்சிருக்கேலாதாம்."

ஞானேஸ்வரி எழுந்தாள். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று ஐந்து. திரும்பவும் இருந்தாள்.

"நீ போ பிள்ளை. அப்பாவோடை நில்."

வதனி தாயை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அறுபத்தஞ்சு. அதுக்குப் பேந்து எழுபது. அந்த முறை எங்கடை வீட்டுச் சுவரெல்லாம் தார் பூசினவங்கள்."

சுவருக்கு அப்பால் ஏதோ உருளும் ஓசை கேட்டது. பிறகு ஒரு கனத்த கதவு மூடிக்கொண்டது. பத்மநாதன் பேனையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா..."

"எழுபதிலை நிக்கிறம், தம்பி," என்றாள். "எல்லை மாத்தினதை இன்னும் எழுதேல்லை."