பந்தைக் காட்டாத லைவ்

கொரோனாவுக்கு முன்பு றமீஸுக்கு இந்தத் துனியாவில் ஒரேயொரு எதிரிதான் இருந்தது: மதில். கல்முனைக் கடற்கரையோரம் அவருடைய கழகத்து மைதானத்தைச் சுற்றி நிற்கிற மதில் அது. இறுதிப்போட்டி என்றால் டிக்கட் எடுக்காத பாதி ஊர் அதில்தான் ஏறியிருக்கும். கழகத்தின் செயலாளர் என்ற முறையில் றமீஸ் கம்பெடுத்துக்கொண்டு ஓடுவார். இந்தப் பக்கம் இறக்கினால் அந்தப் பக்கம் ஏறுவார்கள். சில நேரம் சனம் பந்தை விட்டுவிட்டு அவரைத்தான் பார்க்கும்.

பிறகு நோய் வந்து எல்லாவற்றையும் மூடினார்கள். திறந்தபோது, சனமில்லாமல் விளையாடலாம் என்று அனுமதி கிடைத்தது. போன்கடை றாஸிக் தன் போனை முக்காலியில் பூட்டி பேஸ்புக்கில் லைவ் போட்டான். பாயில் சாய்ந்துகொண்டு, பிளேன்டீ குடித்துக்கொண்டு உதைபந்தாட்டம் பார்க்க ஊர் பழகியது. நோய் எழும்பிப் போய்விட்டது. ஊர் பாயை விட்டு எழும்பவில்லை. டிக்கட்டெல்லாம் கட்டுக் குலையாமல் கிடந்தன. மதிலில் ஒரு காகம் இருந்தது. அதைத் துரத்த றமீஸுக்கு மனம் வரவில்லை.

“லைவில கடலை மணக்காது, காக்கா,” என்றான் வாசலில் கடலை வண்டி போடுகிற பிரகாஸ், அண்ணன் முறையில் றமீஸைக் கூப்பிட்டு. விளையாட்டுப் பொருளாதாரம் பற்றி அந்த வருடம் ஊரில் வெளியான ஒரே ஆய்வறிக்கை அதுதான்.

வெற்றிக் கிண்ணம் கொடுக்கிறவர் சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் ஆதம்பாவா ஹாஜியார். முதலாவது அரையிறுதிக்கு வந்தவர், காலிக் கதிரைகளை வெள்ளாமை பார்க்கிற மாதிரி ஒரு தரம் பார்த்தார்.

“றமீஸ், எல்லாம் பதராப் போச்சு. ஃபைனலுக்கும் சனம் இல்லாட்டி, வாற வருசம் கிண்ணத்த எங்கட ஊருக்குக் கொண்டு போறன்.”

றமீஸின் வாப்பா காலத்திலிருந்து இறுதிப்போட்டி இந்த மண்ணில்தான். றமீஸ் நேரே றாஸிக்கின் கடைக்குப் போனார்.

“லைவ நிப்பாட்டு.”

“நிப்பாட்டினா கட்டார்ல இரிக்கிற நம்மட பொடியனுகள் என்ன செய்வானுகள்? ஜேர்சி அனுப்பினது அவனுகள், காக்கா.”

லைவ் இருந்தால் ஊர் வராது. இல்லாவிட்டால் ஜேர்சி வராது. றமீஸ் திரும்பி வந்தார்.

இரண்டாவது அரையிறுதியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்தது. றாஸிக் கடலை வாங்கப் போன நேரம் பார்த்து, காற்று போனை மைதானத்திலிருந்து சனம் இருந்து பார்க்கிற கொட்டகைப் பக்கம் திருப்பிவிட்டது. கொட்டகையில் ஒரு பிடி ஆட்கள், ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு. திட்டு விழுந்திருக்கும் என்று பயந்து ஓடிவந்தவன், கட்டாரின் டோஹாவிலிருந்து வந்த கொமெண்டுகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

“திருப்பாத மச்சான். கொட்டாவி விடுறது எங்கட வாப்பா.”

“பச்சைச் சாரன் கட்டினது எங்கட சாச்சாதானே? முழங்கால் ஏலாதெண்டவர், என்னெண்டு வந்தார்?”

“பந்து இஞ்சயும் டீவில கிடக்கு. வாப்பாதான் இல்ல.”

றாஸிக் அதைக் காட்ட, றமீஸ் மூன்று தரம் வாசித்தார். அடுத்த நாள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தானே அறிவித்தார்:

“இறுதிப்போட்டிக்கு லைவ் உண்டு. ஆனால் பந்தைக் காட்டமாட்டோம். பார்க்க வந்த ஆட்களை மட்டும்தான் காட்டுவோம். பந்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மைதானத்துக்கு வரவும். பார்க்கப்பட விரும்புகிறவர்கள் புதுச் சாரன் கட்டி வரவும்.”

ஊர் சிரித்தது. கட்டார் சிரிக்கவில்லை, வீட்டுக்கு வீடு போன் எடுத்தது. “வாப்பா, நடுவால போய் இரிங்க. அங்கதான் போன் பாக்கும்.”

இறுதிப்போட்டியன்று பின்னேரம் அசர் தொழுத கையோடு வாப்பாமார் வந்தார்கள், அத்தர் பூசிக்கொண்டு. அவர்களைப் பார்க்க மாமாமார் வந்தார்கள். பந்தைக் காணாமல் பாயில் இருக்கப் பொறுக்காதவர்கள் கடைசியாக வந்தார்கள். டிக்கட் தீர்ந்து, துண்டுக் கடதாசியில் கழக முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இடைவேளைக்கு முன்பே கடலை முடிந்து, பிரகாஸ் வண்டியை மூடிவிட்டுத் தானும் ஒரு துண்டு வாங்கினான்.

ஹாஜியார் வந்தபோது அவருடைய கதிரையில் இரண்டு வாப்பாமார் ஒட்டியபடி இருந்தார்கள். அது போனுக்கு நேரே இருந்த கதிரை; எழும்பமாட்டோம் என்றுவிட்டார்கள். ஹாஜியார் நின்றார். அவர் நின்றுகொண்டிருக்கையிலேயே கழகம் கோல் அடித்தது. சனம் துள்ளிய துள்ளில் அவருடைய தொப்பி விழுந்தது. டோஹா அந்தக் கோலைக் காணவில்லை. வாப்பாமாரின் வாயைக் கண்டது. அது போதுமாக இருந்தது.

தொப்பியைத் தட்டிப் போட்டபடி ஹாஜியார் சொன்னார்: “கிண்ணத்த ஏத்திப் போகலாம், றமீஸ். இந்தச் சனத்த ஏத்த என்ட லொறி காணாது. இஞ்சயே கிடக்கட்டும்.”

ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றால் றமீஸுக்கு நிற்க இடமில்லை. கொட்டகையை ஒட்டிய மதில் பக்கம் போனார். மதில் முழுக்க ஆள். பழைய கம்பு கையில் இருந்ததைக் கண்டு நாலைந்து பேர் குதிக்கப் பார்த்தார்கள்.

“இரிங்க, இரிங்க,” என்றார் றமீஸ். “கொஞ்சம் தள்ளி இரிங்க.”

கம்பை ஊன்றி ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி அஸ்பியா.

“லைவில உங்களத்தான் பாக்கன். மதில்ல ஏறியிரிக்கீங்க. டிக்கட் எடுத்தீங்களா?”

“செயலாளருக்கு என்னத்துக்கு டிக்கட்?”

“சரி, கூனாம நிமிந்து இரிங்க. கட்டாரும் பாக்குது.”

றமீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.