குகைச் சுவரில் எழுதியிருந்த மந்திரம்

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில், வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களுக்குக் கிர்கிஸ் மொழியில் குரல் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அந்த வசந்தத்தில் வந்த படத்தில் என்னோடு வேலை செய்யும் பெகாயிம் இளவரசிக்குக் குரல், நான் டிராகனுக்கு. எங்கள் மலைகளில் நடக்கும் சாகசக் கதையாம். இளவரசி கையில் ஜப்பானிய விசிறி வைத்திருந்தாள். பின்னணியில் சிதார் ஒலித்தது. குளிரக் குடிக்க வேண்டிய குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலை, ஆவி பறக்க ஊதி ஊதிக் குடித்தாள்.

"சூடான குமிஸா! டிராகனுக்கே வயித்தால போயிடுமே," என்றேன்.

"போனா அந்தச் சத்தத்தையும் நீதான் குடுக்கணும். வாயை மூடு," என்றாள் பெகாயிம்.

பிறகு, பழைய தேர் ஒன்று நிற்கும் குகைக் காட்சி வந்தது. இளவரசி சுவரைத் தொட, எழுத்துகள் பொன்னாக ஒளிர்ந்தன. அவள் கைகளை விரித்து, "ஷம்பா லகூ!" என்று ஏதோ முழங்கினாள். 'புராதன மந்திரம், மாற்ற வேண்டாம்' என்று வசனத் தாளில் குறிப்பு.

எங்கள் இயக்குநர் எசென்குல் படத்தை நிறுத்தினார். சுவரில் இருந்தவை எங்கள் எழுத்துகளேதான். யாரோ நெடுஞ்சாலைக் கடைப் பலகையைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்: 'இங்கு டயர் பஞ்சர் ஒட்டப்படும்.'

எசென்குல் சிரித்த சிரிப்பில் காதில் இருந்த ஹெட்போன் கழன்று விழுந்தது. பெகாயிம் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் என்ற மரியாதையில் 'பைகே' என்று அழைக்கும் எசென்குலிடம் திரும்பினாள்.

"நம்ம எழுத்து அவங்களுக்கு வெறும் பூவேலை, பைகே. அதைப் படிக்கவும் ஆளுங்க இருக்காங்கன்னு தோணவே இல்லை பாருங்க."

"என்னம்மா பண்றது? இனிமே படத்தை மாத்த மாட்டாங்க."

"மாத்த வேணாம். என்ன எழுதியிருக்கோ அதையே படிக்கிறேன்."

படக் கம்பெனியின் அனுமதி வேண்டும். கணினித் திரையில் வந்த ஹில்டா என்ற பெண்ணிடம் எசென்குல் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் சிவந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள்.

"தப்பு எங்களோடதுதான். அப்படியே படிங்க. ஆமா, வேற ஏதாவது தப்பு இருக்கா?"

"உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்றார் எசென்குல்.

பெகாயிம் மைக் முன் நின்றாள். மலைக்கணவாயில் காற்று எழுவதுபோல் குரலை உயர்த்தி, "இங்கு டயர் பஞ்சர் ஒட்டப்படும்!" என்று முழங்கினாள். நான் குலுங்கிச் சிரித்துப் பதிவைக் கெடுத்ததால் வெளியே துரத்தப்பட்டேன்.

முதல் காட்சி அன்று அரங்கம் முழுக்கக் குழந்தைகள். சுவர் ஒளிர்ந்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "ட... ட-யர்... பஞ்..." என்று எழுத்துக்கூட்டினாள். அடுத்த நொடி இளவரசி அதையே முழங்க, அரங்கின் கூரை சிரிப்பில் அதிர்ந்தது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் குகையில் நின்ற தேர் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டு வானில் எழுந்தது. குழந்தைகள் இருக்கைமேல் ஏறிக் குதித்தார்கள். அதன்பின் என் டிராகன் எவ்வளவு உறுமியும் ஒரு குழந்தைகூடப் பயப்படவில்லை.

"படிச்சிட்டாங்கடா! எல்லாரும் படிச்சிட்டாங்க!" பெகாயிம் என் கையைக் கிள்ளியே சிவக்க வைத்தாள். அவள் கண்கள் ஈரமாகியிருந்தன.

படம் முடிந்து தெருவுக்கு வந்த குழந்தைகள், போகிற வண்டிகளைப் பார்த்தெல்லாம் கைகளை விரித்து மந்திரம் போட்டார்கள். ஒரு மினிபஸ் டிரைவர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.

"எந்த டயர்டா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிச் சக்கரங்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார்.