அத்துவிட்ட சீட்டு

காலையில் எழுந்தால் எவுலாலியாவின் வலது கை மூடாது. ஐந்து விரலும் விறைத்து, வெட்டிப்போட்ட கோழிக்கால் மாதிரி விரிந்து நிற்கும். பதின்மூன்று வருடமாக வட கரோலினாவின் கோழி ஆலையில் தொடையிலிருந்து எலும்பு எடுக்கிற கை. சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பிசைந்தால்தான் ஒரு கரண்டியைப் பிடிக்கவே சம்மதிக்கும். சனிக்கிழமை ஆலை விடுமுறை என்பது தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. நாலரைக்கே குத்தி எழுப்பிவிட்டது.

எழுப்பியதும் நல்லதுதான். அன்றைக்கு வேலை இருந்தது. கிரீன் கார்டு நேர்காணலுக்குத் தேதி வந்துவிட்டது. அக்டோபர் இருபத்தொன்று. இன்னும் இருபத்து மூன்று நாள். கார்டு கைக்கு வந்தால் விமானம் ஏறி மெக்சிகோ போகலாம், திரும்பியும் வரலாம். பத்து வயதில் ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த மகள் நொயெமிக்கு இப்போது இருபத்து நாலு. வயிற்றில் தலைப்பிள்ளை, ஆறு மாதம். பதினாலு வருடமாக மகளைப் போனில் பார்த்தாயிற்று. போனில் தலை வாரிவிட முடியாது.

கூக்கோ எழுந்து வந்து அவள் கையை வாங்கி, மூலிகை ஊறப்போட்ட சாராயத்தைத் தேய்த்துவிட்டான். இது அவளுடைய இப்போதைய கணவன். டெக்சாசில் பிறந்தவன், அதனால் இந்த நாட்டுக்காரன். கூரை வேலை. அறுபது வயது, இரண்டு முட்டியும் போனவன். எவுலாலியாவுக்கு முன்னால் மூன்று கல்யாணம் செய்து மூன்றையும் முடித்தவன்.

"மூணு பேருடைய பேப்பரும் எடுத்து வச்சுட்டியா?" என்று கேட்டாள்.

"வச்சாச்சு. நான் பொண்டாட்டிய தொலைப்பேன், பேப்பரத் தொலைக்க மாட்டேன்."

பொய் இல்லை. ஆணிப்பெட்டியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், மூன்று விவாகரத்துத் தீர்ப்பும் வரிசையாக இருந்தன. தொலோரெஸ், ஷெரி, யொலாண்டா. ஒவ்வொன்றிலும் நீதிமன்ற முத்திரை.

தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில் சனிக்கிழமைகளில் இலவசமாக மனு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே மரிசோல் என்ற பெண் இவர்கள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதில் சின்னவள், வாயில் பெரியவள். மனுவை எழுதித் தந்தவர் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டதால், மரிசோல் முதல் தாளிலிருந்து படித்து வந்தாள். கூக்கோவின் மூன்று தீர்ப்பையும் புரட்டிவிட்டு, "சார், உங்க பேப்பர் எல்லாம் தங்கம்" என்றாள்.

கூக்கோ மீசையைத் தடவிக்கொண்டான்.

"அக்கா, உங்களோடது?"

எவுலாலியா தன் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பெருமையோடு நீட்டினாள். மரிசோல் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"அக்கா, இது என்ன?"

"என் விவாகரத்து."

"இதுல வான்கோழி இருக்கு."

இருந்தது. மெக்சிகோவில், த்லாஸ்காலா மலைப்பக்கத்தில் எவுலாலியாவின் ஊரில் ஒரு ஜோடி பிரிவதென்றால் யாரும் நகரத்துக் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஊர் நீதிபதியிடம் போவார்கள். இவர்கள் விவகாரத்தில் எவெலியோ என்ற அந்தப் பெரியவர் சோளக் கிடங்கில் மேசை போட்டு உட்கார்ந்து, இரண்டு சாட்சியை வைத்துக்கொண்டு எழுதினார்: தையல் மிஷின் மனைவிக்கு. வான்கோழிகள் மூன்று, ஒரு சேவல் இரண்டு பெட்டை, மனைவிக்கு. கழுதை கணவனுக்கு. இனிமேல் ஒருவர் வாசலில் மற்றவர் போய் நின்று கத்தக் கூடாது. கீழே இரண்டு பேர் கைநாட்டு, ஊர் முத்திரை, 2008. ஊரைப் பொறுத்தவரை அத்துவிட்டது அத்துவிட்டதுதான். மறுநாளிலிருந்து அவளை யாரும் ஃபிடென்சியோவின் மனைவி என்று சொல்லவில்லை.

"முத்திரை இருக்குல்ல?" என்றாள் எவுலாலியா.

"இருக்கு. ஆனா இது விவாகரத்து இல்லக்கா. சொத்துப் பிரிச்ச சீட்டு. நீங்க அவரை ரிஜிஸ்தர் ஆபீசுல கட்டியிருக்கீங்க. கோர்ட்டு உத்தரவு இல்லாம அது போகாது."

"போகாதுன்னா?"

மரிசோல் பேனாவை மூடினாள். "கோர்ட்டுல யாரும் வெட்டலன்னா, சட்டப்படி நீங்க இன்னும் ஃபிடென்சியோவோட சம்சாரம். மூணு வருஷத்துக்கு முன்ன கூக்கோ சாரை நீங்க கட்டினது செல்லாது. கல்யாணம் செல்லலன்னா மனுவும் செல்லாது. அங்க போயி வழக்குப் போட்டு, வெட்டி, இங்க மறுபடி கல்யாணம் பண்ணி, மறுபடி மனு போடணும். ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகலாம்."

எவுலாலியா தன் கையைப் பார்த்தாள். அது மறுபடி விறைக்கத் தொடங்கியிருந்தது.

கூக்கோ சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். "மூணு தடவ கட்டினவன் சுத்தம். ஒரே தடவ கட்டினவ அழுக்கு. அப்ப நாம மூணு வருஷமா கள்ளத்தனமாவா குடும்பம் நடத்துறோம்? எங்கம்மா இருந்திருந்தா என் காதைத் திருகியிருப்பா."

"வாய மூடுய்யா. எம்பொண்ணுக்கு ஜனவரியில பிரசவம்."

அவன் உடனே மூடிக்கொண்டான். அந்தக் குணம்தான் அவனிடம் அவளுக்குப் பிடித்தது. இவனுடைய முந்தைய மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை என்பது அவள் கட்சி.

வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றபடியே மகளை ஸ்பீக்கர் போனில் பிடித்தாள். நொயெமி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அதே மிஷின். பள்ளிச் சீருடை தைத்துத்தான் இப்போது பிழைப்பு.

"உங்கப்பனை நான் விட்டது செல்லாதாம்டி," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் மிஷின் நின்றது. "அம்மா, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"சொல்லு."

"அப்பா சாயோவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அந்த டார்ட்டியா ரொட்டிக் கடைக்காரி. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. நான்தான் மோதிரத் தட்டு பிடிச்சேன். ஊருல எல்லாருக்கும் தெரியும். உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு யாரும் சொல்லல."

பதினாலு வருடம் தள்ளியிருந்து ஊர்க்கதை எல்லாம் தன் காதுக்கு வருகிறது என்று நினைத்திருந்தாள் எவுலாலியா. வராத கதை இதுதான். அதற்குள் கூடத்துப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மரிசோல் குதித்து வந்து போனைப் பிடுங்கிவிட்டாள்.

"கோயில்லயா, ரிஜிஸ்தர் ஆபீசுலயா?"

"ரெண்டுலயும். சாயோவோட அப்பா ஒத்தக்கால்ல நின்னார், பேப்பர் இல்லாம பொண்ணு குடுக்க மாட்டேன்னு."

மரிசோல் எவுலாலியாவைப் பார்த்தாள். "அக்கா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவன ரிஜிஸ்தர் ஆபீசுல சும்மா கட்ட விட மாட்டாங்க. ஒண்ணு அவர் பொய் சொல்லியிருக்கணும். இல்லன்னா உங்கள கோர்ட்டுல வெட்டியிருக்கணும். சாமி கும்பிட்டுக்கங்க, வெட்டியிருக்கட்டும்னு."

பதினாறு வருடம் பேசாத மனிதனின் எண்ணை மகளிடம் வாங்கினாள். கூக்கோ வண்டியின் பின்கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தான். நாலாவது மணியில் ஃபிடென்சியோ எடுத்தான். பின்னால் சிமெண்ட் கலக்கும் யந்திரத்தின் இரைச்சல்.

"யாரு?"

"எவுலாலியா."

இரைச்சல் நின்றது. அவனே அணைத்திருக்க வேண்டும். "உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். நீ என்னைக் கோர்ட்டுல அத்துவிட்டியா?"

"இங்க பாரு, அது வந்து, சாயோவோட அப்பா..."

"கதை வேணாம். விட்டியா, இல்லையா?"

"விட்டேன்." குரல் குழைந்தது. "உனக்கு ஆள் அனுப்ப விலாசம் தெரியல. பேப்பர்ல விளம்பரம் போடச் சொன்னாங்க. மூணு தடவ போட்டேன். நீ படிக்கலன்னா நான் என்ன பண்றது?"

"த்லாஸ்காலா பேப்பர நான் கரோலினாவுல உக்காந்து படிக்கணுமா?"

"சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து பதினஞ்சு. மார்ச்சு."

கூக்கோவை அவள் கட்டியது 2021. எவுலாலியா நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்னைக் கேக்காமலே அத்துவிட்ட நாயே, கடவுள் உனக்கு நூறு வயசு குடுக்கட்டும்டா!"

வாகனத்தை நிறுத்த வந்த ஒரு குடும்பம் அவளைத் திரும்பிப் பார்த்தது. ஃபிடென்சியோவுக்கு எதுவும் புரியவில்லை. திட்டு வரும் என்று குனிந்தவன் தலையில் பூ விழுந்த மாதிரி இருந்திருக்கும். அவள் விஷயத்தைச் சொன்னாள். கோர்ட்டு முத்திரை போட்ட நகல் வேண்டும், இரண்டு வாரத்துக்குள் வேண்டும்.

புரிந்தவுடன் அவன் குரல் மாறியது. சந்தையில் கழுதை விற்கிற குரல்.

"அதுக்கு நகரத்துக்குப் போகணும். ரெண்டு நாள் வேலை போகும். வரிசையில நிக்கணும். சரி, போறேன். ஆனா ஒரு கேள்வி. ஊர்ச் சீட்டு செல்லாதுங்கற."

"நான் சொல்லல. இவங்க சொல்றாங்க."

"யார் சொன்னாலும் செல்லாது. அப்ப அந்தப் பாகப்பிரிவினையும் செல்லாது. தையல் மிஷின் எங்கம்மா வாங்கினது. வான்கோழி நான் வளத்தது."

எவுலாலியாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "கழுதைய நீ எடுத்துக்கிட்டியே!"

"கழுதை செத்துப்போச்சு."

"வான்கோழியும்தான் செத்துப்போச்சு! ரெண்ட நான் தின்னேன், ஒண்ண உன் தம்பியோட நாய் தூக்கிட்டுப் போச்சு!"

கூக்கோ சாலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"மிஷினைக் கேக்கல," என்றான் ஃபிடென்சியோ. "அதுல எம்பொண்ணு பிழைக்கிறா. வான்கோழி மூணு. ஒரு சேவல், ரெண்டு பெட்டை. உசுரோட."

"நொயெமிகிட்ட சொல்லி நாளைக்கே வாங்கித் தரச் சொல்றேன்."

"வேணாம். ஆள் வச்சு அனுப்பினா வாங்க மாட்டேன். நீயே கொண்டுவந்து என் வாசல்ல விடணும்." கொஞ்சம் நிறுத்தினான். "பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் வரும்ல. சாயோ வான்கோழி போட்டு நல்லா மோலே குழம்பு வைப்பா. அம்மா இல்லாம அந்தப் பொண்ணு எத்தனை விசேஷத்துலதான் நிக்கும்?"

எவுலாலியா விறைத்த கையிலிருந்து போனை மற்ற கைக்கு மாற்றினாள்.

"சரி," என்றாள் கடைசியில்.

"சீட்டு எழுதிக்கலாமா?"

"உன் சீட்டும் வேணாம், நீயும் வேணாம். போய் வரிசையில நில்லு."

அவன் நின்றான். இரண்டு நாள் இல்லை, மூன்று நாள். முதல் நாள் முத்திரை போடுகிறவர் வரவில்லை. நொயெமி கூரியரில் அனுப்பினாள். நேர்காணலுக்கு ஆறு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. மரிசோல் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். ஆலையில் இடைவேளையின்போது எவுலாலியா அதன் நகலை எல்லோருக்கும் காட்டினாள். பக்கத்தில் நிற்கிற பிரிகிதா, "புருஷன் விட்டுட்டான்னு மிட்டாய் குடுத்த மொத பொம்பள நீதான்டி" என்றாள். மிட்டாயை வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

குடியேற்ற அலுவலகத்தில் அவர்களைக் கூப்பிட்டது நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. கையை உயர்த்தி உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். எவுலாலியாவின் கை அன்றைக்கு நல்லபடியாக விரிந்தது. விரிவதற்கு அதற்கு என்றைக்குமே கஷ்டமில்லை. மொழிபெயர்க்க மரிசோல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கூக்கோ தன் மூன்று கல்யாணத்தையும் கட்டிய தேதி, வெட்டிய தேதி, ஊர் பெயரோடு ஒப்பித்தான். அதிகாரி தீர்ப்புகளோடு ஒத்துப் பார்த்தார். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"அம்மா, நீங்கள் மனுவில் விவாகரத்தான வருடம் 2008 என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பு 2015 என்கிறது. ஏன்?"

மரிசோல் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தாள்: சுருக்கமாகச் சொல்லுங்கள், தவறுதலாக எழுதிவிட்டேன் என்று முடித்துவிடுங்கள். எவுலாலியா அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். சத்தியம் செய்தாயிற்று. ஊர்ச் சீட்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டாள்.

"2008ல ஊருல விட்டோம். அதுதான் விவாகரத்துன்னு நெனச்சேன். கோர்ட்டுல அவன் விட்டது எனக்குத் தெரியாது. போன மாசம்தான் தெரியும்."

அதிகாரி சீட்டை மொழிபெயர்க்கச் சொன்னார். மரிசோல் தொண்டையைச் செருமிக்கொண்டு தையல் மிஷின், கழுதை, வாசலில் கத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் படித்தாள். வான்கோழியின் ஆண் பெண் எண்ணிக்கை உட்பட.

"வாசலில் கத்தக் கூடாது," என்று அதிகாரி திருப்பிச் சொன்னார். "என்னுடைய விவாகரத்துத் தீர்ப்பில் இதைப் போடாமல் விட்டுவிட்டார்கள்." சிவப்புப் பேனாவால் 2008ஐ அடித்து 2015 என்று எழுதி, பக்கத்தில் எவுலாலியாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்புறம் கல்யாணப் படங்கள், வாடகை ஒப்பந்தம், யார் முதலில் எழுந்திருப்பது என்ற கேள்விகள்.

"அவ கைதான் மொதல்ல எழுந்திருக்கும்," என்றான் கூக்கோ.

பதினேழாவது நாள் கார்டு தபாலில் வந்தது. எவுலாலியா அதைக் கழுவிய கையால் வாங்கி, கூக்கோவின் ஆணிப்பெட்டி மேல்தட்டில், அந்த மூன்று தீர்ப்புக்கும் தன்னுடைய ஒன்றுக்கும் பக்கத்தில் ஒரு நாள் வைத்திருந்தாள். மறுநாள் எடுத்துப் பர்சில் போட்டுக்கொண்டாள். ஆலை ஜனவரியில் மூன்று வாரம் விடுப்புக் கொடுத்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. பேறுகாலத்துக்கு வேண்டிய துணிமணிகள் பெட்டியில் ஏறிவிட்டன. நொயெமி தினமும் போன் செய்து, ஊரில் யார் வான்கோழி வளர்க்கிறார்கள், யாருடையது கொழுத்தது என்று விவரம் சொல்கிறாள்.

ஃபிடென்சியோவுக்கு எவுலாலியா தர வேண்டியது மூன்று வான்கோழிகள். ஒரு சேவல், இரண்டு பெட்டை, உயிரோடு. இன்னும் தரவில்லை.