நனைஞ்சக்கா மேல் போட்ட வழக்கு

குடைக் கம்பெனி வேலையை விட்டு நின்ற நாளிலிருந்து நனைஞ்சக்கா மேல் மழை விழுவது நின்றுவிட்டது. ஊரில் மற்ற எல்லார் மேலும் வழக்கம்போல விழுந்தது. அவளைச் சுற்றி ஒரு குடை விரித்த அகலத்துக்கு மட்டும் தரை காய்ந்து கிடந்தது. அவள் நடந்தால் அந்தக் காய்ந்த வட்டமும் கூடவே நடந்தது. இது முதலில் அவளுக்கே தெரியாது. கொட்டுகிற மழையில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து வந்தும் துளி நனையாமல் நின்றவளைப் பார்த்து, ஆட்டோவுக்கு எதற்கு வீண் செலவு என்று புருஷன் சிடுசிடுத்தபோதுதான் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்ட தண்ணீர் எப்போதும்போல நனைத்தது. மேலேயிருந்து தானாக விழுகிற தண்ணீர்தான் அவளைக் கண்டால் ஒதுங்கியது. மாடிவீட்டு அம்மாள் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, தூறல் போட்டால் "கொஞ்சம் வந்து கொடிக்குக் கீழ நில்லேன், துணிய எடுத்துக்கறேன்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். இவளும் போய் நின்றாள்.

நனைஞ்சக்கா என்பது கம்பெனியில் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது, பிறகு உரிக்க முடியவில்லை. கம்பெனியின் பின்கட்டில் குழாய் அறை என்று ஒன்று உண்டு. கூரையில் ஓட்டை போட்ட குழாய்கள் ஓடும்; திறந்துவிட்டால் ஐப்பசி மழை தோற்றுப்போகும். தைத்து முடிந்த ஒவ்வொரு குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் கீழே நிற்பதுதான் அவள் வேலை. நல்ல குடை என்றால் காய்ந்தபடி வெளியே வருவாள். ஒழுகுகிற குடை என்றால் பிடரியிலோ தோளிலோ சொட்டும். சொட்டிய இடத்துக்கு நேர் மேலே துணியில் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் தையல்காரப் பெண்களிடம் திருப்பி அனுப்புவாள். காலுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். மேலுக்கு மழைக்கோட்டு கிடையாது, ஏனென்றால் கோட்டுக்கு மேல் விழுகிற துளி உடம்புக்குத் தெரியாது. இப்படியே இளமை போனது. வேலை நாட்களில் அவள் தலைமுடி காய்ந்து யாரும் பார்த்ததில்லை. வருஷத்தில் பாதி நாள் இருமினாள், மீதிப் பாதி தும்மினாள். ஆனால் ஊரில் யாராவது மழையில் அந்தக் கம்பெனிக் குடையை விரித்து நிம்மதியாகப் போவதைப் பார்த்தால் அவளுக்கு முதுகு தானாக நிமிரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது அவள் சம்பாதித்த நிமிர்வு.

பெரிய முதலாளிக்கு மூட்டுவலி வந்து வீட்டோடு உட்கார்ந்ததும் மகன் வந்தார். குழாய் அறைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் அவர். வந்த வேகத்தில் தண்ணீர் வீண், நேரம் வீண் என்று கண்டுபிடித்து, கட்டுக்கு ஒரு குடையைப் பார்த்தால் போதும், மற்றதில் 'சோதிக்கப்பட்டது' சீட்டை அப்படியே ஒட்டிவிடலாம் என்றார். "நான் கீழ நிக்காத குடைக்கு நான் சீட்டு ஒட்ட மாட்டேன் சார்," என்றாள் நனைஞ்சக்கா. அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் ஒட்டுகிற ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். விதிப்படி இருக்க வேண்டிய மாதத்தையும் இருந்து, ஒவ்வொரு குடையாக நனைந்து தீர்த்து, கடைசி நாள் பூட்ஸைக் கழுவித் துடைத்து, மிச்சமிருந்த சாக்கட்டியோடும் அலமாரிச் சாவியோடும் ஆபீசில் ஒப்படைத்தாள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டு வாங்கினாள். அப்புறம் வெளியே வந்தாள், மழை பெய்துகொண்டிருந்தது, அவள் மேல் விழவில்லை.

விஷயம் கம்பெனி காதுக்கு எட்ட நாளாகவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதைக் கொண்டுவந்த தபால்காரர் தாள் நனையாமல் கையெழுத்து வாங்குவதற்காக அவளை வாசலுக்கு வரச்சொல்லி, அவளுடைய வட்டத்துக்குள்ளேயே நின்று வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்கான தொழில் ரகசியத்தை அவள் கம்பெனியிலிருந்து திருடி, அதை உடம்பிலேயே வைத்துக்கொண்டு பட்டப்பகலில் ஊர் சுற்றுகிறாள்; உடனடியாக அதைத் திருப்பி ஒப்படைத்து, எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, இனி இந்த ஊரில் குடைத் தொழில் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. முன்னறையில் குடை பழுதுபார்க்கும் கடை போட அவள் பலகை அடித்து வைத்திருந்தாள். அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் நோட்டீஸைப் படித்தாள். கடை போனால் போகிறது என்று தோன்றிய நிமிஷமும் உண்டு. 'திருடி' என்ற இடத்தைத்தான் தாண்டிப் போக முடியவில்லை.

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாலையில் எறும்பு குறுக்கே வந்தாலும் பிரேக் போடுகிற மனுஷன். "பெரிய இடத்தோட நமக்கு எதுக்கு வம்பு? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்," என்றார். "திருடாதவ திருடினேன்னு கையெழுத்துப் போட்டா, அந்தக் கையால அப்புறம் உங்களுக்கு எப்படிங்க சோறு போடுவேன்?" என்று கேட்டாள். அன்று அவரே பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்.

சைக்கிள் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் போனாள். வக்கீலம்மா நோட்டீஸை இரண்டு தரம் படித்து, ஜன்னலுக்கு வெளியே மழையில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்து, தலையாட்டி, வேலையைத் தொடங்கினார். "பதில் சொல்லாம இருக்கக் கூடாது. பயந்துக்கிட்டும் பதில் சொல்லக் கூடாது. போன்ல கூப்பிட்டா எங்கிட்ட பேசச் சொல்லிட்டு வச்சிடுங்க. நேர்ல வந்து பேசிக்கலாம்னா போகாதீங்க. நீங்க சேர்ந்தப்போ என்ன எழுதிக் கொடுத்தீங்க, போறப்போ என்ன திருப்பிக் கொடுத்தீங்க, அதை மட்டும் எடுத்துட்டு வாங்க," என்றார். கம்பெனி மேனேஜர் போன் செய்தார், குழைந்தார், அப்புறம் மிரட்டினார். இவள் வக்கீலம்மா சொன்னபடியே சொல்லிவிட்டு வைத்தாள். தையல்காரப் பெண்களைக் கூப்பிட்டு, நனைஞ்சக்காவோடு யாராவது பேசினால் வேலை போய்விடும் என்று கம்பெனி எச்சரித்தது. அவர்கள் பேசவில்லை. ஆனால் மழை நாள் சாயங்காலங்களில், கம்பெனிக் குடைகள் அப்போதே ஒழுக ஆரம்பித்திருந்ததால், அவள் கடைத்தெருவில் போகும் நேரம் பார்த்து வந்து வட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வீட்டு முனை வரை கூடவே நடந்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு போன அந்த ஊமை ஊர்வலத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீருக்கு வட்டம் ஒன்றும் செய்யவில்லை, அது கன்னத்தில் இறங்கத்தான் செய்தது.

பதில் போன கையோடு கம்பெனி வழக்குப் போட்டது. அடைமழைக் காலத்தில் அது விசாரணைக்கு வந்தது. கோர்ட்டுக் கூரை ஒழுகி அங்கங்கே வாளி வைத்திருந்தார்கள். நீதிபதி அவளை ஒரு வாளியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். சொட்டு பாதி வழி வந்து, யோசித்து, சாய்ந்து போய்க் கம்பெனி வக்கீலின் கட்டுக் காகிதத்தில் விழுந்தது. டைப்பிஸ்ட் அதைப் பதிவு செய்துகொண்டார். கம்பெனி வக்கீல் காகிதத்தை உதறிக்கொண்டே எழுந்து, குழாய் கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, அவள் நனைந்த நேரமும் கம்பெனி சம்பளம் கொடுத்த நேரம், ஆகவே அதன் விளைவாக அவள் உடம்பில் ஏற்பட்டிருப்பதும் கம்பெனியின் சொத்தே என்று நீளமாக வாதாடினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பின்வரிசையில் வேன்காரர் தலை குனிந்துகொண்டார்.

வக்கீலம்மா எழுந்திருக்குமுன் நனைஞ்சக்காவே பேசிவிட்டாள். "நான் எதையும் எடுத்துட்டு வரலீங்க ஐயா. எனக்குன்னு இருந்த மழையெல்லாம் அந்த ரூம்லயே பெஞ்சு முடிஞ்சிடுச்சு. அதுதான் இப்ப விழல. இல்ல, அது எங்க தண்ணி, அதால வந்தது எல்லாம் எங்களுதுன்னு சொன்னாங்கன்னா, சரி. அந்தத் தண்ணியிலதான் எனக்கு இருமல் வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு, கால் விரலெல்லாம் வெடிச்சுச்சு. அதையும் அவங்க பொருள்னு ஒத்துக்கிட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. எல்லாத்தையும் சேர்த்து ஒண்ணாத் திருப்பிக் கொடுத்துடறேன்."

இருமலையும் காய்ச்சலையும் ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று நீதிபதி கேட்டார். கம்பெனி வக்கீல் குனிந்து சின்ன முதலாளியிடம் கிசுகிசுத்தார். கம்பெனிக்கு அதில் விருப்பமில்லை என்றார். ஒரு நாளாவது அந்தக் குழாய்க்குக் கீழே நின்றிருக்கிறீர்களா என்று நீதிபதி சின்ன முதலாளியைக் கேட்டபோது, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. அவள் மேல் விழுந்தது கம்பெனியுடையது என்று வைத்துக்கொண்டாலும், விழாமல் இருப்பது யாருடையதும் அல்ல. வழக்கு தள்ளுபடி. நோட்டீஸில் எழுதிய 'திருடி' என்ற வார்த்தையைக் கம்பெனி எழுத்திலேயே திரும்பப் பெற வேண்டும். அன்று வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கோர்ட்டு வாசலில் எல்லாரும் மழை விடக் காத்து நிற்க, அவள் படி இறங்கி அவசரமே இல்லாமல் நடுத்தெருவில் நடந்து வீட்டுக்குப் போனாள். வேன்காரர் வேனை அவளுக்குப் பின்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். ஹாரன்கூட அடிக்கவில்லை.

கடை திறந்தார்கள். திறந்த பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. பழுதுபார்த்த குடையைக் கீழே நின்று பார்க்காமல் அவள் கொடுக்க மாட்டாள். ஆனால் அவள் நின்றால் தண்ணீர் ஒதுங்குகிறது, ஓட்டைக் குடையும் உத்தமக் குடையாகிவிடுகிறது. பலகையில் உட்கார்ந்து தாடையில் கைவைத்துக்கொண்டாள். வேன்காரர் எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், பின்பக்கம் பொருத்திய குழாயைத் திறந்தார், குடையோடு கீழே போய் நின்றார். அவள் எட்ட நின்று "எங்கங்க?" என்று குரல் கொடுப்பாள். "பிடரில!" என்பார் அவர். அவள் சாக்கட்டியை எடுப்பாள். இதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து நனைவார், சாயங்காலம் போய் ஏற்றிக்கொள்வார். இருமலும் தும்மலும் அவருக்கு மாறின. யாராவது விசாரித்தால், "கடை வேலைங்க," என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

ஊரில் அந்தக் கம்பெனிக் குடை வாங்குகிறவர்கள் அதைக் கடையிலிருந்து நேரே இவளிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மழைக்காலத்தில் பெரிய முதலாளியே கோலூன்றி வந்து, தன் பழைய குடையை நீட்டி, "அங்க இப்ப யாரும் கீழ நிக்கறதில்லம்மா," என்றார். அவருக்கும் மற்றவர்களைப் போலவே அடுத்த நாள் வரச்சொன்னாள்.

சில வருஷங்கள் போயின. பருவத்தின் முதல் மழை அன்று வேனை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்த புருஷனுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போனவள் நின்றாள். தலை காய்ந்திருந்தது. முதுகு காய்ந்திருந்தது. சட்டையில் இடது தோள் மட்டும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முதுகை நிமிர்த்தி நின்றார், அந்த நிமிர்வை அவளுக்குத் தெரியும். குழாய் அறையில் குடையைப் பார்க்கிற கண்ணோடு அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். தோளைத் தொட்டாள்.

"இங்க மட்டும் இன்னும் கொஞ்சம் மழை பாக்கி இருக்குங்க," என்று சொல்லித் துடைத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.