கருப்பைக்குள் ஒரு குட்டிக்கரணம்

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற வால்டர், இமயமலையையே இரண்டு தடவை தூக்கி இடம் மாற்றி வைத்தவர். ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு வாரமாக மகள் மெர்லினின் ஒன்பது மாத வயிறு ஆட்டிப் படைத்தது. கருப்பைக்குள் குழந்தை தலையை மேலே வைத்து, மகாராஜா மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் உமைமா வெளியிலிருந்தே கையால் திருப்பிப் பார்ப்பார். திரும்பாவிட்டால் ஆபரேஷன். கத்தி என்றாலே மெர்லினுக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மருமகன் பிராங்கிளின் கப்பலில் இருந்ததால், ஆஸ்பத்திரியில் வால்டரையும் மனைவி ஆலிஸையும் உள்ளே விட்டார்கள். மெர்லின் கட்டிலில் படுத்ததும் வால்டருக்கு அவள் பிறந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று அவர் எழுநூறு அடி உயரத்தில் (அளந்தவர்கள் எழுபது என்பார்கள்) கிரேன் கூண்டில் இருந்தார். கீழே நின்று சைகை காட்டும் அத்தாவுல்லா திடீரென்று 'ஏற்று', 'இறக்கு' எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டு வெறுங்கைகளையும் சேர்த்துத் தாலாட்டிக் காட்டினார். கிரேனில் தொங்கிக்கொண்டிருந்த கோதுமைச் சரக்கை இறக்காமல் வால்டரால் இறங்க முடியவில்லை. அந்தக் கடல்காற்றும் கோதுமைத் தூசியும் இன்றும் மூக்கில் ஏறும்.

டாக்டர் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து உருட்டினார். முதல் தடவை குழந்தை மசியவில்லை. இரண்டாம் தடவை பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்தது. மெர்லின் பல்லைக் கடித்தாள்.

"இன்னொரு தடவைதான். அப்புறம் விட்டுடுவேன்," என்றார் டாக்டர்.

அவர் மறுபடி உருட்டத் தொடங்கியதும், கட்டிலின் கால்மாட்டில் நின்ற வால்டரின் கைகள் அத்தாவுல்லாவின் கைகளைப் போல தாமாக எழுந்தன. ஒரு விரல் சுழன்றது, உள்ளங்கை தாழ்ந்தது.

"யோவ், இன்னா, கப்பலா வந்துகீது? கைய கீழ போடு!" என்றாள் ஆலிஸ்.

"சும்மா கெட. சரக்கு ஆடிக்கினு கீது."

"டாடி, சரக்கு இன்னா சரக்கு? உன் பேரப்புள்ள!" மெர்லின் வலியோடு சிரித்துவிட்டாள். சிரித்து மூச்சை விட்டதும் இறுகியிருந்த வயிறு தளர்ந்தது. டாக்டரின் கைக்கடியில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. வால்டர் முஷ்டியை மடக்கினார்: நிறுத்து. டாக்டரும் நிறுத்தினார்!

ஸ்கேனில் தலை கீழே தெரிந்தது.

வால்டர் மகளின் வயிற்றில் கை வைத்தார். விலா எலும்புக்கடியில் ஒரு உதை விழுந்தது.

"இன்னாயா, பேச்சே காணோம்?" என்றாள் ஆலிஸ்.

ராயபுரத்தில் இதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை: வால்டர் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை.