துக்கம் கேட்க வந்தவன்

கப்பலில் வந்திருந்தால் மூன்று வாரம் ஆகியிருக்கும். மூன்று வாரம் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனிதனுக்கு யோசனை வரும். யோசனை வந்தால் பாதி வழியில் ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கித் திரும்பிவிடுவோம் என்று சக்ரபாணிக்குப் பயம். தன்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம். அதனால்தான் விமானத்தில் ஏறினான்.

அது தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரிலேயே இறங்குகிற விமானம். பகலெல்லாம் பறக்கும். பொழுது சாய்ந்தால் எங்கேயாவது ஒரு நதியிலோ கடலோரத்திலோ இறங்கி, பிரயாணிகளைப் படுக்கப் போகச் சொல்லிவிடும். காதைத் துளைக்கிற இரைச்சல். அடுத்த ஆளிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பேச விரும்பாதவனுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது என்று நினைத்துத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

அவன் மைசூரை விட்டுப் புறப்பட்டு ஒன்பது வருஷம். மின்சாரப் படிப்பு படித்து இரண்டே வருஷத்தில் திரும்புகிறேன் என்று லக்ஷ்மம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஸரஸா பிறந்த சேதி லண்டனுக்குத் தபாலில் வந்தது. அப்புறம் ஒரு போட்டோ வந்தது. அதில் குல்லாய் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது, குழந்தை தலையை ஆட்டியதில் முகம் கலைந்து போயிருந்தது. படிப்பு முடிகிற சமயத்தில் யுத்தம் வந்தது. ஜெர்மன்காரன் கப்பலை மூழ்கடித்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் துணிந்து போனவர்களும் இருந்தார்கள். சக்ரபாணி ஒரு தொழிற்சாலையில் வேலை ஒப்புக்கொண்டான். யுத்தம் முடியட்டும் என்றான். முடியாத யுத்தத்தைப் போல வசதியான காரணம் உலகத்தில் இல்லை.

யுத்தத்தின் நடுவில், ஸரஸாவுக்கு ஆறு வயது நிரம்புவதற்கு முன்னால், விஷஜுரத்தில் குழந்தை போய்விட்டாள் என்று மச்சினன் ஆழ்வார் தந்தி கொடுத்தான். சக்ரபாணி ஆழ்வாருக்குப் பதில் போட்டான், அக்காவைக் கவனித்துக்கொள் என்று. லக்ஷ்மம்மாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. தான் பார்க்காத குழந்தைக்காக, பெற்று வளர்த்துப் பறிகொடுத்தவளிடம் என்ன எழுதுவது? இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினான். அவளும் அதற்குப் பிறகு எழுதவில்லை. மூன்று வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று.

இப்போது யுத்தமும் முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சொல்லிக்கொள்ளக் காரணம் ஒன்றும் பாக்கியில்லை. அவள் தன்னை வீட்டுக்குள் சேர்ப்பாளா, மாட்டாளா? அந்த ஒரே கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் அவன் பறந்துகொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கராச்சியில் இருக்கிற மகனைப் பார்க்கப் போகிறாளாம். இரைச்சலையெல்லாம் அவள் லட்சியம் செய்யவில்லை. குழந்தைகள் உண்டா என்று காதருகில் வந்து கத்தினாள்.

"ஒரு பெண்" என்று சொல்லிவிட்டான்.

"என்ன வயது?"

"ஒன்பது."

வாயிலிருந்து வந்துவிட்டது. திருப்பி விழுங்க முடியுமா? அவ்வளவுதான், கிழவி பிடித்துக்கொண்டாள். மத்தியதரைக் கடலுக்கு மேலே அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வரைக்கும் கூந்தல் வளர்ந்தது. நைல் நதியில் இறங்கும்போது கொழுகொழுவென்று கன்னம் வைத்துவிட்டது. பாஸ்ராவில் எஞ்சின் கோளாறென்று இரண்டு நாள் எல்லோரையும் ஓட்டலில் போட்டுவிட்டார்கள். அந்த இரண்டு நாளில் அவள் பாட்டுக் கற்றுக்கொண்டாள், கணக்கில் மக்கு என்று பெயரெடுத்தாள், மழையில் நனைந்து அம்மாவிடம் அடி வாங்கினாள். சொல்லச் சொல்ல சக்ரபாணிக்கு நிறுத்த மனம் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் தன் பெண்ணைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. பொய்யாகவாவது பேச முடிந்ததே என்றிருந்தது.

மழை என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் பெட்டியில் ஒரு சிவப்பு மழைக்கோட்டு இருந்தது. குழந்தை உயிரோடிருந்தபோது வாங்கினது. கடைக்காரி எவ்வளவு உயரம் என்று கேட்டபோது, அண்டை வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணை நினைத்துக்கொண்டு தன் இடுப்புக்கு நேரே கையைக் காட்டினான். யுத்தத்தில் அனுப்ப முடியாமல் கிடந்தது. விமானத்தில் எடை பார்த்து ஏற்றுகிறார்கள் என்றதும் புஸ்தகங்களையெல்லாம் லண்டனிலேயே விட்டுவிட்டு இதை மட்டும் மடித்து வைத்துக்கொண்டான்.

கராச்சியில் கிழவி இறங்கினாள். "என் பேரில் அவளுக்கு ஒரு முத்தம் கொடு" என்று அவன் கையை அழுத்திவிட்டுப் போனாள். மகன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். சக்ரபாணி படகுத்துறையிலேயே நின்றான். சக்ரபாணிக்கு ஸரஸா அன்றைக்குத்தான் செத்தாள். தந்தி வந்த அன்று அவனுக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. யாரென்று சொல்லி அழுவது? சுங்கக்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

அங்கிருந்து ஆழ்வாருக்கு ஒரு தந்தி அடித்தான், வியாழக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று. பிறகு பம்பாய் வரை ஒரு சின்ன விமானம், அப்புறம் ரயில், பெங்களூரில் இன்னொரு ரயில்.

மைசூர் ஸ்டேஷனில் ஆழ்வார் நின்றுகொண்டிருந்தான். முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டவன், சௌக்கியமா என்று கேட்பதற்குப் பதிலாக, "அத்திம்பேர், இன்னிக்கா வந்து சேரணும் நீங்க?" என்றான்.

"ஏன், இன்னிக்கு என்ன?"

"நரகசதுர்த்தசி. மறந்தே போச்சா?"

வெளியே எங்கேயோ ஒரு சரவெடி படபடவென்று வெடித்தது. சக்ரபாணிக்கு முகம் சுருங்கியது. மைசூரே விடிவதற்குமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு புதுசு உடுத்திக்கொள்கிற நாளில், மேல்கோட்டை வழிவந்த அவர்கள் குடும்பத்தில் எண்ணெய் கிடையாது, புதுசு கிடையாது, வாணலி அடுப்பில் ஏறாது, வாசலில் கோலமும் விளக்கும் கிடையாது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இதே நாளில் குலத்தில் பெரும் சாவு விழுந்தது என்று, இன்னும் அந்தத் துக்கத்தைக் காக்கிறார்கள். சின்ன வயசில் அடுத்த வீட்டு மத்தாப்பை ஜன்னல் வழியே பார்த்து அழுதவன்தான் இவனும். லண்டனில் தஞ்சாவூர்ப் பையன்கள் தீபாவளி விருந்துக்குக் கூப்பிட்டபோது முதல் இரண்டு வருஷம் ரோஷமாக மறுத்தான். மூன்றாவது வருஷம், அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் போய் அல்வா தின்றான். அதோடு அந்த நாள் அவன் மனசிலிருந்து கழன்றுகொண்டது.

"அக்கா என்ன சொல்றா?"

"இன்னிக்கு வேண்டாங்கறா. ஒம்போது வருஷம் கழிச்சு வரவருக்கு வெறும் வாசலையா காட்டறது, ஆரத்தி எடுக்காம எப்படி உள்ள விடறதுங்கறா. ராத்திரி மண்டி மொஹல்லால எங்காத்துல படுத்துக்கோங்கோ. காலம்பற நானே அழைச்சுண்டு போறேன்."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் குற்றமுள்ள நெஞ்சுக்கு நியாயமான பேச்சும் குத்தும்.

"அவ சொன்னாளா, நீயா சொல்றியா?"

"அக்காதான் சொன்னா."

"வேற என்ன சொன்னா?"

ஆழ்வார் ஜட்காக் குதிரையைப் பார்த்தான். "வேற ஒண்ணும் சொல்லலை."

ஜட்கா புறப்பட்டது. வழி நெடுக அகல் வரிசை. புதுப்பாவாடை கட்டின பெண்கள் கம்பி மத்தாப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு வயது. இவளுயரம் இருந்திருப்பாளா, அவளுயரமா? சக்ரபாணி கண்ணை மூடிக்கொண்டான். ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் ஒரு பெட்டியோடு இன்னொருத்தர் வீட்டுக்குப் படுக்கப் போவதை நினைத்தால், லண்டன் அறையே தேவலை என்றிருந்தது. நாளைக்கு ஆரத்தியோடு அவள் நிற்பாள். நிற்கத்தான் வேண்டும், ஊர் பார்க்குமே. ஆனால் அந்தச் சிவப்புத் தண்ணீரைச் சுற்றிவிட்டு அவள் வாயைத் திறக்காமல் உள்ளே போய்விட்டால்?

அக்ரஹாரத்து முனை வந்தது. தெரு முழுவதும் வெளிச்சம். நடுவில் ஒரு வீட்டு வாசல் மட்டும் பல் விழுந்த மாதிரி இருட்டாக இருந்தது. அதுதான் அவன் வீடு.

இருட்டாக இருந்த அந்த வாசல் ஒன்றுதான் அந்தத் தெருவில் அவனுக்குப் பொருத்தமாகத் தெரிந்தது.

"வண்டியை நிறுத்தச் சொல்லு."

"பேடா, வேண்டாம் அத்திம்பேர். அக்கா என்னைப் பிடிச்சுண்டு சத்தம் போடுவா."

"ஆழ்வார், ஆரத்தி யாருக்குடா எடுப்பா? ஜயிச்சுட்டு வந்தவனுக்கு. நான் என்னத்தை ஜயிச்சேன்? பெத்த பொண்ணு போய் மூணு வருஷமாச்சு, இன்னும் அவகிட்டத் துக்கம் கேக்கலை நான். துக்கம் கேக்கப் போறவனை யாரும் வான்னு கூப்பிட மாட்டா. அவனும் கூப்பிடணும்னு காத்துண்டு நிக்க மாட்டான். அதுக்கு இன்னிக்கு நல்ல நாள்தான்."

ஆழ்வார் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு ஜட்காவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழ் போட்டிருக்கவில்லை. வாசல் செம்பிலிருந்து தானே தண்ணீர் மொண்டு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். பெருமாள் விளக்கு மட்டும் உள்ளறையில் முணுக்முணுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் சுவரோரமாக லக்ஷ்மம்மா உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து எழுந்தாள். வாங்கோ என்று சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வரச் சொல்லித்தானே அனுப்பினேன்."

"ஆரத்திக்கு நாளைக்கு வரேன். இன்னிக்கு ஸரஸாவுக்காக வந்திருக்கேன்."

அந்தப் பெயரை அவன் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தான். அவள் நிமிர்ந்தபோது கோபம்தான் இருந்தது.

"மூணு வருஷம். ஒரு வரி உண்டா? அவ போன சேதி உங்களுக்கு வந்து சேர்ந்துதான்னு ஆழ்வார்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுண்டேன் நான்."

"என்ன எழுதறதுன்னு தெரியலை, லக்ஷ்மீ."

"எனக்கு மட்டும் என்ன பண்றதுன்னு தெரிஞ்சுதா?"

சக்ரபாணி அழுதான். கராச்சியில் மூக்கைச் சிந்தினது போல இல்லை, சத்தம் வெளியே தெருவுக்குக் கேட்கும்படி அழுதான். அவள் தடுக்கவில்லை, தேற்றவில்லை. துக்க வீட்டில் அழுகிறவனை அழ விடுவதுதான் முறை. கொஞ்ச நேரத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்று வருஷமாகத் தனித்தனியாக வைத்திருந்ததை அன்றைக்கு ஒரே கூடத்தில் கொட்டினார்கள்.

ஓய்ந்தபின் அவன் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"என்ன இது, வழவழன்னு?"

"மழைக்குப் போட்டுக்கறது. அவளுக்குன்னு வாங்கினேன். அனுப்ப முடியலை."

லக்ஷ்மம்மா அதை மடியில் விரித்தாள். அந்த மங்கலில் நிறம் தெரிந்திருக்காது. விரலால் கழுத்தைத் தேடினாள். தோள் மடிப்பை ஜாண் வைத்து அளந்தாள். கோட்டின் கைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தாள். பண்டிகைக்குப் பெண்ணுக்குச் சட்டை எடுக்கிற தாயார் கடையில் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள்.

"ரொம்பப் பெரிசு" என்றாள். "அவளுக்குத் தோள் ஏது? ஒல்லி. இதுக்குள்ள ரெண்டு ஸரஸா நிக்கலாம்."

ஒல்லி. தன் பெண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியவந்த முதல் நிஜம் அது.

"மழைன்னா பிடிக்குமா அவளுக்கு?"

"மழையா? இடிச் சத்தம் கேட்டா என் புடவைக்குள்ள வந்து பூந்துண்டுடுவா. சமாதானம் பண்ணி வெளியில எடுக்கறதுக்குள்ள மழையே நின்னுபோயிடும்."

"தலைமயிர்?"

"சுருட்டை. பின்னவே வராது. உங்க அம்மாவோட தலை" என்றவள், தானே மேலே சொல்ல ஆரம்பித்தாள். கேட்பதற்கு அவளுக்கும் இத்தனை நாள் ஆள் இல்லை. வெல்லம் திருடுவாளாம். திருடிவிட்டு, தானே வந்து சொல்லிவிடுவாளாம். ல வராதாம், அவளுக்கு அம்மா பெயர் ரக்ஷ்மம்மாதானாம். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் போட்டோ மாட்டியிருக்கிற சுவரைக் காட்டுவாளாம். சக்ரபாணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டான். விமானத்தில் அவன் வளர்த்த கொழுகொழுப் பெண் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டாள்.

தெருவில் வெடிச் சத்தம் அடங்கத் தொடங்கியிருந்தது. லக்ஷ்மம்மா கோட்டை மடித்து, பெட்டிக்குள் வைக்காமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாதம் இருக்கு. மோர் விட்டுண்டு சாப்பிடுங்கோ. வேற ஒண்ணும் பண்ணலை இன்னிக்கு."

"போறும்."

"விடிஞ்சதும் தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்கோ. ஆரத்தி எடுக்கணும்."

"பெட்டியையும் எடுத்துண்டு போகணுமா?"

உள்ளே போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

"பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.