எலுமிச்சம்பழப் பிரிவு

“பெருசா ஒண்ணுமில்ல லெச்சுமி. ஒரு கீறல்தான்.”

“தூணு என்னாச்சு?”

“தூணுக்கு என்ன, கல்லு மாதிரி நிக்குது. நம்ம கெரேத்தாதான் பாவம்.” கார்த்திகேசு குனிந்து கார் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “பரவால்ல, விடு. இனிமே நானே ஓட்டிக்கிறேன். நீ ஏன் கஷ்டப்படணும்?”

“சரி.”

ஏழு வருடங்களுக்கு முன்னால், ஜெலுத்தோங் வீட்டு வாசலில் நடந்த பேச்சு அது. ஜெயலெட்சுமிக்கு லைசென்ஸ் கிடைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது; வண்டியை உள்ளே விடும்போது வாசல் தூணில் உரசிவிட்டாள். அவன் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். சண்டையோடு சண்டையாக மறுநாளே சாவியையும் கேட்டிருப்பாள். அவனோ அன்பாகச் சொல்லிவிட்டான். அன்பாகச் சொன்னவனிடம் என்னத்தைச் சண்டை போடுவது? ‘இன்னொரு தடவை குடுங்க, நான் ஓட்டுறேன்’ என்று சொல்ல வந்த வாய் ‘சரி’ என்று சொல்லிவிட்டது.

அந்தச் ‘சரி’யோடு ஏழு வருடம் போய்விட்டது. காலையில் அவள் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் அவன்தான் இறக்கிவிடுவான். சாயங்காலம் அவன்தான் ஏற்றிக்கொள்வான். பாசார், கோயில், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் அவன் பக்கத்து இருக்கையில்தான் அவள். ஆனாலும் லைசென்ஸை மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் கார்த்திகேசுவின் மூச்செல்லாம் வண்டிதான். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வேலை முடிந்தால் ஒரு சின்ன மோட்டார் சங்கத்துக்குச் செயலாளர். அந்தச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஆட்டோகிராஸ் நடத்தும். வண்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் பந்தயமல்ல அது. தார் போட்ட வெற்றுத் திடலில் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டி போய்த் திரும்ப வேண்டும். கோனைத் தட்டினால் நேரம் கூடும். யார் குறைந்த நேரத்தில் வந்தார்களோ அவர்களுக்குப் பரிசு.

அந்த நேரத்தை ஐந்து வருடமாகக் கணக்குப் பார்ப்பவள் ஜெயலெட்சுமிதான். ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நிற்கும்போது, அவளுடைய வலது கால் செருப்புக்குள் தானாக அமுங்கும், தானாகத் தளரும். இந்த வளைவில் இரண்டாம் கியர், இங்கே பிரேக், இங்கே விடு என்று ஒவ்வொரு வண்டியையும் மனதுக்குள் அவளும் ஓட்டி முடிப்பாள். வெளியே பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

அந்த வருடம், எண்பத்தாறில், சங்கத்துக்கே ஆபத்து வந்தது.

“முப்பது வண்டி இல்லன்னா திடல் கெடையாதுன்னு திடல்காரன் சொல்லிட்டான், கார்த்தி” என்றார் மீரா சாகிப். சங்கத் தலைவர் அவர். டத்தோ கெராமாட் சாலையில் உதிரிப் பாகக் கடை வைத்திருந்தார். “ஒம்போது வண்டிக்கு நான் ஏன் கேட்டைத் தொறந்துவிடணும்னு கேக்குறான். அவன் கேக்குறதும் ஞாயந்தானே?”

“ரெண்டு வாரம் இருக்கே அண்ணே. போஸ்டர் ஒட்டியாச்சு, வருவாங்க லா.”

ஜெயலெட்சுமி கடைச் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தாள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்தரத்தில் பறக்கும் ஒரு கார். ஹெல்மெட் போட்ட ஒரு முரட்டு முகம். ‘வேகப் புலிகளே, வருக!’ என்று கொட்டை எழுத்து.

“இதப் பாத்தா எனக்கே பயமா இருக்குண்ணே. வீட்டுக்கு ஒரு கெரேத்தா. அதுவும் தவணையில வாங்குனது. அதை எவன் கொண்டுவந்து பறக்க விடுவான்?”

“அப்ப எப்படிம்மா கூப்புடுறது? மெதுவா ஓட்டுறவங்களே வருகன்னு எழுதவா?”

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கார்த்திகேசுவும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை; அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. ஆமாம், எப்படிக் கூப்பிடுவது?

விடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் கிடைத்தது.

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் அய்யாக்கண்ணு, பளபளவென்று ஒரு புது புரோட்டான் சாகா காரைப் பூசைக்குக் கொண்டு வந்திருந்தார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டி ஓரடி முன்னே போனால் போதும், நான்கும் நசுங்கும், பூசை முடியும். அய்யாக்கண்ணு புது வண்டியின் பதற்றத்தில் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டார். வண்டி சர்ரென்று ஐந்தடி பின்னால் போய், கோணலாக நின்றது. நான்கு பழமும் வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தன.

“ஐயரே, பழத்த நகத்தி வைங்க” என்றார் அவர் கண்ணாடியை இறக்கி.

“வெச்சது வெச்சதுதான். வண்டிய நகத்துங்கோ” என்றார் குருக்கள்.

அவ்வளவுதான், வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அய்யாக்கண்ணுவின் மனைவி சின்னம்மா வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

“லெஃப்டு! லெஃப்டு ஒடிங்க!”

“எந்த லெஃப்டு? உன் லெஃப்டா, என் லெஃப்டா?”

“உங்களுக்கு எத்தன லெஃப்டு இருக்கு?”

பள்ளி வேன் ஓட்டும் நல்லம்மாள், பூத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சத்தம் போட்டாள். “அண்ணே, பழம் உங்களத் தேடி வராது! நீங்கதான் பழத்தத் தேடிப் போகணும்!”

முதல் தடவை ஒன்றுதான் நசுங்கியது. பின்னால் வந்து, மறுபடியும் போனார், இரண்டு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்காவது பழம் ஒரு விரற்கடை தூரத்தில் தப்பியபோது பெரியவர்கள் கூட “அடடா!” என்று தலையில் கை வைத்தார்கள். கடைசியில் அதுவும் நசுங்கியதும் கைதட்டல் கோபுரம் வரைக்கும் எழும்பியது.

“நானா இருந்தா ஒரே மூச்சுல நாலையும் நசுக்கியிருப்பேன்” என்றாள் நல்லம்மாள்.

ஜெயலெட்சுமி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தையும் பார்த்தாள். ஐந்தடி தூரம், நடை வேகம். அதைப் பார்க்க ஐம்பது பேர் அர்ச்சனையை மறந்து நிற்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. தேங்காய் மூடியைக் கூட வாங்காமல் தெருவுக்கு ஓடி, வண்டியில் காத்திருந்த கார்த்திகேசுவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“என்னங்க, வீட்டு வண்டிக்குன்னு தனிப் பிரிவு வைப்போம். கோனுக்கு நடுவுல மூணு எடத்துல எலுமிச்சம்பழம். சக்கரம் ஏறி நசுங்கணும். தப்பிச்சா பழத்துக்கு அஞ்சு செகண்ட் கூட.”

“இது ரேஸ் லெச்சுமி. கோயில் வாசலா?”

“யோசிச்சுப் பாருங்க. வேகமா வந்தா பழம் தப்பும். மெதுவா வந்தா நேரம் போகும். எவ்வளவு வேகம், எவ்வளவு நிதானம்னு அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்.”

 அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்டினான். ஹாரன் அலறியது. “ஐயோ, நல்லா இருக்கே! நானே அதுல ஓட்டலாம் போல இருக்கே!”

அன்றைக்கே புது நோட்டீஸ் அடித்தாள். ‘உங்கள் வீட்டு வண்டியே போதும். ஹெல்மெட் சங்கம் தரும். ஒரே வண்டியைக் குடும்பத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்து ஓட்டலாம். பெண்களும் வரலாம்.’ அடியில் ஒரு காரும் ஒரு எலுமிச்சம்பழமும். கோயிலில் பூசைக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்காரரையும் பிடித்தாள். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டே பேசினாள். பள்ளி ஆசிரியர் அறையில் சலேஹா டீச்சரிடம் நீட்டியதும் அவர் “போலே, போலே!” என்று, அதாவது முடியும் முடியும் என்று, மலாயில் கூவிக் கையெழுத்தே போட்டுவிட்டார். மீரா சாகிப்பின் மனைவி ஜன்னத் கடைக்குள் நுழைந்து, புருஷன் முன்னாலேயே தாளை நிரப்பினாள்.

“நீ எதுக்குடி?”

“நீங்க தலைவரு. தலைவர் வூட்டுலேருந்து ஆளு வரலைன்னா ஊரு என்ன பேசும்?”

“அவ வண்டில உட்காந்தா நான் உசுருக்காக யாசின் ஓதணும்” என்றார் மீரா சாகிப். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

பந்தயத்துக்கு முந்தைய புதன்கிழமை, பதிவு இருபத்தொன்பதில் நின்றது. மறுநாள் திடல்காரருக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கார்த்திகேசு பேனாவை எடுத்தான்.

“உன் பேரையும் போட்டுடுறேன் லெச்சுமி. சும்மா ஒரு கணக்குக்கு. நீ ஓட்டவெல்லாம் வேணாம். முப்பது ஆயிடும்.”

அவள் சட்டென்று தாளின் மேல் கையை வைத்தாள்.

“சும்மா கணக்குக்கு என் பேரப் போடாதீங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ஏன், கோவமா?”

“கோவமில்ல.”

அந்த நிமிடமே சாவியைக் கேட்டிருக்கலாம்.  ஆனால் இப்போது கேட்டால் அது முப்பதாவது வண்டிக்காகக் கேட்டதாகிவிடும். அவன் கொடுத்தாலும் சங்கத்துக்காகக் கொடுத்ததாகிவிடும். அவளுக்கு அது வேண்டாம். எழுந்து போய்ச் சோற்றை இறக்கினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அய்யாக்கண்ணு வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஒரு பதிவு, சின்னம்மாவுக்கு ஒரு பதிவு. “கோயில்ல நடந்தத ஊரே சொல்லிச் சிரிக்குதும்மா. மானத்தக் காப்பாத்திக்கணும்.” சனிக்கிழமைக்குள் நாற்பத்து மூன்று.

ஞாயிறு காலை, புதுப் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயா திடலுக்குள் அவர்களுடைய டட்சன் கார் நுழைந்தபோது, வெளியே வண்டி வரிசை பிரதான சாலை வரைக்கும் நின்றது. மினி, டட்சன், புரோட்டான், ஒரு பழைய மோரிஸ், நல்லம்மாளின் நீல வேன். குடையும் பாயும் சாப்பாட்டு அடுக்கும் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். ஒரு கோணி நிறைய எலுமிச்சம்பழம் கோட்டருகே திறந்து கிடந்தது. வெயில் ஏற ஏறத் திடலே மணத்தது.

வேகக்காரப் பையன்கள் முதலில் கேலி செய்தார்கள். “அச்சார் போடவா வந்திருக்கோம்?” என்றான் ஒருவன். அவனே எலுமிச்சம்பழப் பிரிவிலும் ஒரு கை பார்க்கிறேன் என்று டயர் கிறீச்சிட வந்து, மூன்று பழத்தையும் தவறவிட்டு, பதினைந்து செகண்ட் கூட வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தான். திடலே ஊளையிட்டது.

அய்யாக்கண்ணு புறப்படும்போது நாற்பது குரல் ஒன்றாகக் கத்தியது. “அண்ணே, ஒண்ணாங் கியரு!” அவர் கியரை மூன்று முறை பார்த்துப் போட்டு, இரண்டு பழத்தை நசுக்கிவிட்டு, தேர்தலில் ஜெயித்தவர்போல் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னம்மா மூன்றையும் நசுக்கினாள். “எல்லா லெஃப்டும் ஒரே லெஃப்டுதாங்க” என்று புருஷனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். ஜன்னத் ஒரு கோனைக் கீழே சிக்கவைத்துக் கடைசி வரைக்கும் இழுத்தே வந்தாள். மீரா சாகிப் கண்ணை மூடிக்கொண்டார், கைதட்டலை மட்டும் நிறுத்தவில்லை.

நல்லம்மாளின் வேன் யானைபோல் ஆடி ஆடி வந்தது. முதல் பழம். இரண்டாவது. மூன்றாவது. ஒரு கோன்கூட அசையவில்லை.

“அம்பத்தெட்டு!” ஜெயலெட்சுமி ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

நல்லம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். “நீங்க எப்ப ஓட்டுறீங்க?”

“அவருதான் ஓட்டுவாரு.”

“அவரு ஓட்டட்டும். நான் ஒங்களக் கேட்டேன். ஊரையே இழுத்தாந்து ஓட்டவெச்சிட்டு, நீங்க கைல கடிகாரத்த வெச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?”

 ஜெயலெட்சுமி திடலைப் பார்த்தாள். காலையிலிருந்து நாற்பது தடவை மனதுக்குள் அவள் அதில் ஓட்டியிருந்தாள். இரண்டாவது வளைவில் எல்லாரும் தாமதமாகத் திரும்புகிறார்கள். கொஞ்சம் முன்னாலேயே திருப்பினால் மூன்றாவது பழம் நேராக வலது சக்கரத்துக்கு வந்துவிடும். அது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நேரடிப் பதிவு பன்னிரண்டு மணியோடு முடிகிறது. இன்னும் பத்து நிமிடம்.

சங்கத்துக்கு இப்போது அவள் தேவையில்லை. திடல்காரர் அடுத்த வருடத்துக்கும் சம்மதம் சொல்லிவிட்டுச் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஓட்டாவிட்டால் எதுவும் குறையாது, ஒருத்திக்கு மட்டும் குறையும்.

ஸ்டாப் வாட்சைச் சலேஹா டீச்சரின் கையில் வைத்தாள். நடந்தாள். மூன்றடிக்குப் பிறகு அது ஓட்டமாகிவிட்டது.

கார்த்திகேசு தன் முறையை முடித்துவிட்டு டட்சனின் மேல் சாய்ந்து நின்றான். சட்டையெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பல். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான்.

“பாத்தியா! நாப்பத்து மூணு பதிவு! எல்லாம் உன்னாலதான் லெச்சுமி. சொல்லு, உனக்கு என்ன வேணும்? திரும்பிப் போறப்ப கடையில சூடா மீ கோரெங் வாங்கித் தரட்டுமா?”

அவளுக்கு மூச்சு வாங்கியது.  ஆனாலும் வார்த்தை தடுமாறாமல் வந்தது.

“மீ கோரெங் வேணாங்க. சாவியக் குடுங்க. நான் ஓட்டணும். ஏழு வருஷமா ஓட்டணும் ஓட்டணும்னு ஆசையா இருக்கேன்.”